பலூன் விரிந்திருந்த அரைமணி

அப்பாவின் குரல் முதலில் கூரை ஓட்டில் போய் மோதும். பிறகுதான் மனிதர்கள்மேல் இறங்கும். பாளையங்கோட்டைக் கோர்ட்டின் நீண்ட தாழ்வாரத்தில், வெள்ளை உடுப்பும் மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக நின்று, உள்ளே வாசிக்கப்படும் பெயரை வெளியே மூன்று முறை கூவுவது டவாலியான அவருடைய வேலை. மாடசாமி, மாடசாமி, மாடசாமீ என்று கடைசி எழுத்தை இழுத்து விடுவார். அது முற்றத்தைத் தாண்டிப் போய், வேப்பமரத்தடியில் பீடியோடு குந்தியிருக்கும் மாடசாமியைத் தோளில் தொட்டுக் கூட்டிக்கொண்டு வரும். சாப்பாட்டுத் தூக்கோடு படியில் நிற்கும் எனக்கு, யாரோ ஒரு மாடசாமிக்காக நெஞ்சு படபடவென்று அடிக்கும். இப்போது ஏன் அது கேட்கிறது? இந்த அறையில் ஓடு இல்லை, மரம் இல்லை. தாழ்ந்த வெள்ளைக் கூரை, எலும்பு வரைக்கும் இறங்குகிற குளிர், என் தலையைச் சுற்றி மெதுவாக நகர்ந்து நின்று மறுபடியும் நகர்கிற பெரிய இரும்புக் கை. நெற்றியில் ஒரு பட்டை போட்டுத் தலையை அசையாமல் கட்டியிருக்கிறார்கள். வலது தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து ஒரு மெல்லிய குழாயை வயிறு, நெஞ்சு, கழுத்து என்று ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் டாக்டர் இன்பராஜ். ஏறியது எனக்குத் தெரியவில்லை. உடம்புக்குள் ஒருவர் நடந்து போவது தெரியாமல் இருக்கும் என்பதே பயமாக இருக்கிறது. அப்படியானால் இதுவரை எதெல்லாம் தெரியாமல் நடந்திருக்கிறதோ. என் இடது கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு ஏறுகிற பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் நாவற்பழம்போல் புடைத்து நிற்கிறது. பல வருடமாக நின்றிருக்கலாம் என்றார். இந்தச் சித்திரையில்தான் இடது இமை கீழே விழுந்தது. விரலால் தூக்கிப் பார்த்தால் உலகம் இரண்டாக இருந்தது, இரண்டு வாசல், இரண்டு குக்கர், பத்திரிகையோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு வீட்டுக்காரர். “ஒண்ணு போதாதுன்னு இன்னொண்ணா? ரெண்டு பேருக்குச் சமைச்சுப் போட முடியாது உன்னால” என்று அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

முதலில் வலைதான் வைப்பதாக இருந்தது. இப்போதெல்லாம் மண்டையைத் திறக்க வேண்டாம், தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் பின்னிய குட்டி வலைக்குழாய் ஒன்றை உள்ளே விரித்துவிட்டால், ரத்தம் புடைப்புக்குள் புகாமல் நேர்வழியில் போய்விடும், புடைப்பு தானாக வற்றும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார் இன்பராஜ். அதிலேயே இப்போது ரத்தம் ஒட்டி உறையாதபடி மேல்பூச்சுப் போட்ட புதிய வகை வந்திருக்கிறது, ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்றார். முப்பது வருடம் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள் நான், தண்டுக்குள் நீர் ஏறும் குழல்களைப் பலகையில் வரைந்தவள், படம் புரிந்தது. ஆனால் போன மாதம் உள்ளே போன வலை விரியவில்லை. என் குழாயின் வளைவு மிகவும் செங்குத்து, திருகிக்கொண்டது, திரும்ப எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பழைய வழி, அந்தக் குழாயையே நிரந்தரமாக அடைத்துவிடுவது. அடைத்தால் இடது பக்க மூளைக்கு மற்ற குழாய்கள் கொண்டுவரும் ரத்தம் போதுமா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இது. குழாயின் நுனியில் இருக்கும் ஒரு சின்ன பலூனை ஊதி, வழியை அரைமணி நேரம் அடைத்துவைத்து, நான் விழித்திருக்கும்போதே என் பேச்சையும் வலது கையையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “தாங்கினா அடைச்சிரலாம். தாங்கலைன்னா உடனே பலூனை இறக்கிருவோம், ஒண்ணும் ஆகாது. ஆனா பெறவு என்கிட்ட வேற வழி இல்லைம்மா. தலையைத் திறந்து ஒட்டுக்குழாய் வைக்கணும், உங்க இதயம் அதைத் தாங்காது.” ஒன்றும் செய்யாமல் இருந்தால்? அவர் பேனாவை மூடினார். “ஒருநாள் வெடிக்கும். எந்த நாள்னு என்னைக் கேக்காதீங்க.” ஆக, அரைமணி நேரம் நான் பேச்சு மாறாமல் இருந்தாக வேண்டும். கல்லூரியில் ஒரு மணி நேரத்து வகுப்பை மூச்சு வாங்காமல் எடுப்பேன்.

“ஊதியாச்சு, ஷிபானா, ஆரம்பி” என்று காலடியிலிருந்து குரல் வருகிறது. கழுத்தின் உள்ளே லேசாக ஓர் அழுத்தம், யாரோ கட்டைவிரலை வைத்ததுபோல. அவ்வளவுதானா. என் முகத்தருகே டாக்டர் ஷிபானா குனிகிறாள், கனத்த நீல மேலங்கியோடு. மேலப்பாளையத்துப் பெண், நேற்றே ஊர் சொல்லி உறவாகிவிட்டாள். என் வலது கையில் ஒரு ரப்பர் வாத்தைத் திணித்திருக்கிறாள். நான் சொல்லும்போதெல்லாம் அமுக்குங்கம்மா. அமுக்குகிறேன். கீச். வலு குறைந்தால் கீச்சும் குறையும், அதுதான் கணக்கு. “இது என் தங்கச்சி மவளுது, பத்திரமாத் திருப்பிக் குடுக்கணும்” என்கிறாள். பேர் சொல்லுங்க. பிரமநாயகி. ஊர்? திருநெல்வேலி டவுன். இது என்ன மாசம்? ஆவணி. கிழமைகளைத் தலைகீழாச் சொல்லுங்க. சனி, வெள்ளி, வியாழன், கீச், புதன். இது என்ன? சாவி. இது? கடிகாரம். இது? சீப்பு, பல்லு ஒண்ணு போயிருக்கு. சிரிக்கிறாள். நானும் சிரிக்கலாமா, முகம் அசையலாமா. சொற்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் இதற்குமுன் எப்போதாவது நான் சொற்கள் வரும்வரை காத்திருந்து பார்த்திருக்கிறேனா? ஒவ்வொன்றும் கிணற்றுக்குள்ளிருந்து வாளிபோல் ஏறி வருகிறது, அடுத்த வாளி வருமா என்று கயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு ஒரே நாளில் கயிறு அறுந்தது. காலையில் கோர்ட்டு வாசலில் ஒரு பெயரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்; மூன்றாவது வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்று அப்படியே சரிந்தாராம். அதற்குப் பிறகு அவரிடம் மிஞ்சிய சொல் ஒன்றே ஒன்று, ஆமா. சாப்பிட்டீங்களாப்பா? ஆமா. வலிக்கா? ஆமா. நான் யாருப்பா, என் பேரு என்ன? என் முகத்தை உற்றுப் பார்த்து, கண்ணில் நீர் முட்ட, ஆமா, ஆமா, ஆமா என்று மூன்று முறை சொன்னார். ஊரையே பெயர் சொல்லி அழைத்த வாய் அது. அதை நான் இன்பராஜிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தக் காலத்துல ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா. இப்போ இதே மாதிரிக் குழாய் விட்டு அந்த ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுத்துருவோம். முன்னே சில மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான்னு இருந்தது. இப்போ ஸ்கேன்ல மூளை இன்னும் உயிரோட இருக்குன்னு தெரிஞ்சா, ராத்திரி விழுந்து மறுநாள் காலையில வந்தவங்களுக்குக்கூடச் செய்யறோம். எழுந்து நடந்து போறாங்க.” நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து நடந்து போகிற அப்பாக்கள்.

கீச். கை சரியாக இருக்கிறது. “பிரஷரைக் கொஞ்சம் இறக்கறேன், தலை லேசா இருக்கும், பயப்படாதீங்க” என்கிறார் இன்பராஜ். வேண்டுமென்றே இறக்குகிறார்கள், இன்னும் வறண்டாலும் தாங்குகிறதா என்று பார்க்க. கூரை ஒரு விரற்கடை விலகிப்போகிறது. காதுக்குள் சீவண்டு இரைகிறது. ஆடி வெயிலில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடாமல் எத்தனை நாள் தாங்கும் என்று மாணவிகளை வைத்து நான் செய்த சோதனைகள். மூன்றாம் நாள் நுனி இலை தொங்கும், அப்போது குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். நுனி இலைக்கு எப்படி இருந்திருக்கும். “என்ன வேலை பாத்தீங்க?” வாத்தியாரம்மா. “என்ன பாடம்?” செடி கொடி. “பிள்ளைங்க?” இல்லை. “வீட்டுக்காரர் என்ன பண்ணுதாங்க?” மின்வாரியத்தில் என்ஜினியர், ஓய்வாகிவிட்டார், வெளியே பிளாஸ்கோடு உட்கார்ந்திருப்பார். “அவங்க பேரு என்ன?”

அவங்க பேரு. நான் வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்துக்குப் போக வேண்டியது, போகவில்லை. இது எனக்குப் பழக்கமான இடம்தான், வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு முறையும் இந்தப் படியில் வந்து நின்று திரும்பியிருக்கிறேன். ரேஷன் கடையில், பாஸ்போர்ட் ஆபீசில், யாராவது கேட்டால் அவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், அவர் இல்லாவிட்டால் எழுதிக் காட்டுவேன். கல்லூரியில் எங்க வீட்டு சார். பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வழி உண்டு, இன்னாரோட அப்பா என்று ஒரு பாலம் கட்டிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பாலமும் இல்லை. ஏங்க. இங்க பாருங்க. அவ்வளவுதான். குற்றாலத்தில் ஒருமுறை அருவிக் கூட்டத்தில் வேண்டுமென்றே ஒளிந்துகொண்டார், நான் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று. நான் ஏங்க என்று கத்தினேன், எண்ணெய் வழிகிற அத்தனை ஆம்பிளைகளும் திரும்பினார்கள். பாறைக்குப் பின்னாலிருந்து அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, “ஊர்ல இருக்கிற எல்லாவனுக்கும் பொண்டாட்டி ஆயிட்டியேட்டி” என்றார். ஒரே ஒரு தடவை சொல்லு, ஒரு வாரம் நான் காப்பி போடுதேன் என்பார். சொல்ல மாட்டேன். கொள்கை இல்லை, பக்தி இல்லை. புது மணப்பெண்ணாக இருந்தபோது மாமியார் முன்னால் சொல்லவில்லை, பிறகு சொல்ல ஒரு தருணம் வரவில்லை, பிறகு அந்த இடத்தில் தோல் மூடிக்கொண்டது. என் அம்மாவைப் பார்த்து நான் எப்படிச் சிரித்திருக்கிறேன்! அப்பா நெல்லையப்பன் என்பதால், அவ்வளவு பெரிய கோயிலையே அவள் அம்மன் கோயில் என்பாள், ஊரைச் சொல்லும்போதும் நம்ம ஊரு என்பதோடு நிறுத்துவாள். சொன்னா ஆயுசு குறையும்ளா என்பாள். அப்பா விழுந்த அன்று, கோர்ட்டுக்காரர்கள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன பிறகு, அவள் அங்கே விசாரிக்கிற ஜன்னல் முன்னால் போய் நின்றாளாம். யாரைப் பார்க்கணும்? என் வீட்டுக்காரர். பேரு? நின்றாள். மறுபடி வரிசையில் கடைசிக்குப் போய் மறுபடி வந்து நின்றாள். கையில் ஃபார்மலின் வாடையோடு நான் கல்லூரியிலிருந்து ஓடிவந்து சொல்லும்வரை, அவர் எந்த வார்டில் கிடக்கிறார் என்று தெரியாமல், ஒரு தூண் ஓரமாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பேரைச் சொன்னா வாயி வெந்தா போயிரும் என்று நான் கத்தினேன். தெரியும்ளா, தெரியும், வர மாட்டேங்கு என்றாள்.

வர மாட்டேங்கு. இந்தச் சொல்லில் என் மனம் முள்ளில் மாட்டிய சேலைபோல் நின்றுவிட்டது. வரவில்லையா, வர விடவில்லையா? “அம்மா?” என்கிறாள் ஷிபானா. இத்தனை வருடம் நான் சொல்லாமல் இருந்தபோதெல்லாம் அந்தப் பெயர் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது, அதன் எடை நாக்கில் தெரியும், நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது கதவுக்குப் பின்னால் பார்க்கிறேன். அவர் தெரிகிறார். சாம்பல் நிற முழுக்கை, இடது காதில் கொஞ்சம் மயிர், காப்பியை ஆற்றும்போது வாயைக் குவிக்கிற விதம். பெயர் தெரியவில்லை. இருக்கிறதா? இருட்டில் கை நீட்டித் துழாவுவதுபோல் துழாவுகிறேன், நீளமான பெயர், நடுவில் ஒரு வளைவு உண்டு, சங்கரன்கோயிலோடு ஏதோ சம்பந்தம், மாமியார் அம்பாளுக்கு நேர்ந்துகொண்டு வைத்தது. சுற்றி இருப்பதெல்லாம் கைக்கு அகப்படுகிறது, அது மட்டும் இல்லை. இது வெட்கமா, ரத்தம் போதாமையா? இரண்டும் உள்ளே இருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. “அம்மா, அமுக்குங்க. சார், பதில் இல்லை, கையும் அமுக்கலை.” கையை மறந்தே போனேன். “இறக்கிரவா?” என்கிறார் இன்பராஜ். இறக்கினால் முடிந்தது. பழம் கண்ணுக்குப் பின்னால் அப்படியே தொங்கும், நான் குனிந்து கோலம் போடும்போதும் தும்மும்போதும் அவர் காப்பிக் குவளையோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார், என்றைக்கு என்று கேட்காமல். கீச். கீச், கீச். “இரி பிள்ளே!” என்றது ஒரு குரல், என் குரல்தான், வகுப்பில் கடைசிப் பெஞ்சை அடக்குகிற குரல். “தெரியும். சொல்ல மாட்டேன்.”

பிறகு ஷிபானா மூச்சை விட்டாள். “அல்லாவே, எங்க பெரியம்மா மாதிரியே… சார், பேச்சு நல்லா இருக்கு. அவங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டாங்களாம்!” காலடியில் யாரோ சிரித்தார்கள். “மாஸ்டர் டிகிரி படிச்சவங்கன்னு போட்டிருக்கு” என்றது வேறு குரல். இன்பராஜ் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்; “பலூன் இருக்கட்டும். கை?” என்றார். கீச். “வேற கேளு.” இது என்ன நிறம்? பச்சை. நூறிலிருந்து ஏழு போனா? தொண்ணூற்று மூன்று. எல்லாம் வருகிறது. அவர்களுக்கு அது போதும். நான் தேறிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தெரியும் என்று சொன்னேனே, தெரியுமா? நான் சொன்னது அம்மாவின் பதில், பழக்கத்தில் வந்தது, கதவுக்கு வெளியே நின்று சொன்னது. உள்ளே இன்னும் இருட்டுதான். ஒரு பெயர் மட்டும் போயிருந்தால்? முதலில் நுனி இலைதான் தொங்கும். இவர்கள் யாருக்கும் தெரியாது. இவர்களால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஊரில் உள்ள எல்லாப் பொருளின் பெயரையும் கேட்டு, சரி சரி என்று போட்டு, அடுத்த வாரம் குழாயை அடைத்துவிடுவார்கள், அப்புறம் ஒவ்வொரு இலையாக. சீப்பு போகும். ஆவணி போகும். அவர் என் முகத்தருகே குனிந்து நான் யாரு பிரமு, சொல்லு, என்று கேட்பார். நான் அவரை உற்றுப் பார்த்து, ஆமா என்பேன். வேர்க்கிறது, இந்தக் குளிரிலும் கழுத்தடியில் வேர்க்கிறது. சொல்லிப் பார்த்தால் ஒழியத் தெரியாது. சொன்னால்? சொன்னா ஆயுசு குறையும்ளா. மூடத்தனம், மாணவிகளுக்கு நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன், ஆனால் இந்தப் பெண்கள் எல்லாரும் இத்தனை நூறு வருடமாகக் காத்தது வீண்தானா, எழுபது வயது மனிதர், இரண்டு முறை நெஞ்சுவலி கண்டவர், வெளியே நாற்காலியில். என் பேச்சைப் பார்ப்பதற்கு அவருடைய நாட்களையா எடுப்பது. சீ. எடுக்கவில்லை. எடுக்கிறேன். “டாக்டர்” என்றேன். “அந்தக் கேள்வியை மறுபடி கேளுங்க.” “எந்தக் கேள்விம்மா?” “அவங்க பேரு.” ஷிபானாவின் முகம் அருகே வந்தது. வேண்டாம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கு, என்றாள் மெதுவாக, சிறுபிள்ளையின் கையிலிருந்து எதையோ வாங்குவதுபோல். “கேளு” என்றேன். கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, வராது என்ற நிச்சயத்தோடு, கால் தரைக்கு எட்டாத தண்ணீரில் இறங்குவதுபோல் வாயைத் திறந்தேன். முதலெழுத்து வந்தது. அதன்பின் மற்றதெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. என் குரலில் அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. வேறு யாருடைய பெயரோபோல் இருந்தது. ஷிபானா என் விவரம் எழுதிய காகிதத்தைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு அந்த மேலங்கியின் விளிம்பால் என் கண்ணோரத்தைத் துடைத்துவிட்டாள். “இன்னும் கொஞ்ச நேரம்தான்” என்றார் இன்பராஜ். அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும் அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், வாத்தை அமுக்கினேன், காது மட்டும் மூடிய கதவுக்கு வெளியே இருந்தது, அங்கே யாராவது ஓடுகிறார்களா, ஒரு பிளாஸ்க் உருள்கிறதா என்று.

அடுத்த வாரம் அந்தக் குழாயை அடைத்தார்கள். இடது இமை முக்கால்வாசி திறக்கிறது, பேச்சு போகவில்லை. கோமதிநாயகம் அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தார்.